கால் மணி நேரத்தில் கேமரா: நேரமில்லாதவர்களுக்கு 24 குறிப்புகள்

கேமரா வாங்கிய முதல் மாதம் வீட்டில் எதுவும் தப்பாது. துளசி மாடம், தூங்கும் பூனை, பல் விழுந்த பேத்தி, எதிர்வீட்டு மாடியில் காயும் வடகம் எல்லாம் படமாகிவிடும். மூன்றாம் மாதம் அதே கேமரா பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கேட்டால், "எங்கே நேரம் இருக்கு?" என்போம். பொய்யில்லை. காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்குப் போய்த் திரும்பி, இரவுப் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும் வீட்டில் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் கிடைக்காது. கால் மணி நேரம் கிடைக்கும். அதுவும் எப்போது என்று சொல்ல முடியாது. அந்தக் கால் மணிக்குள் அடங்கும்படி பயிற்சியை முன்கூட்டியே வகுத்து வைத்துக்கொண்டால் ஆர்வமும் வற்றாது, கையும் பழகும். மொபைல் வைத்திருப்பவர்களுக்கும் டி.எஸ்.எல்.ஆர்., மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே இந்தக் குறிப்புகள்.

தொடங்குவதற்கு முன்

1. கேமரா கண்ணில் படட்டும்: பையைத் தேடி, ஜிப்பைத் திறந்து, பேட்டரி எங்கே என்று அலைந்து முடிப்பதற்குள் கிடைத்த பத்து நிமிடத்தில் பாதி போய்விடும். பேட்டரியும் மெமரி கார்டும் போட்டபடி, ஹாலில் குழந்தைகளுக்கு எட்டாத ஒரு அலமாரித் தட்டில் கேமராவை வையுங்கள். நேர் வெயில் படக்கூடாது. சமையலறை அலமாரி வேண்டவே வேண்டாம். தாளிக்கும் எண்ணெய்ப் புகை லென்ஸில் பிசுக்காகப் படியும். மழைக்காலத்துக்கு மட்டும் வேறு ஏற்பாடு. அது 22-வது குறிப்பில்.

2. ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள்: "லீவு நாளில் நிதானமாக எடுக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் ஞாயிறன்று விருந்தாளி வருவார், அல்லது துணி துவைக்கும் வேலை வரும். தினமும் தவறாமல் நடக்கும் ஏதாவது ஒன்றோடு கேமராவைக் கோத்துவிடுங்கள். குக்கர் மூன்று விசில் அடிக்கும் வரை, ஸ்கூல் வேன் வரும் வரை, மாடித் தொட்டி நிரம்பும் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அடுப்பில் பால் இருக்கும் நேரம் மட்டும் ஆகாது.

3. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல்: நேரம் கிடைத்தும் படம் எடுக்காமல் போவதற்கு முக்கியமான காரணம், என்ன எடுப்பது என்று அந்த நேரத்தில் தோன்றாததுதான். ஒரு தாளில் மூன்று பத்தியாக எழுதி ஒட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை: ஒரே டம்ளரைத் தரையளவில், மேசையளவில், தலைக்கு மேலிருந்து என மூன்று உயரத்தில் எடுப்பது. பத்து நிமிட வேலை: ஜன்னலோரம் ஒரு காயை வைத்துச் சுற்றிச் சுற்றி எடுப்பது. கால் மணி நேர வேலை: கேமராவில் ஏதாவது ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றிமாற்றிப் பார்ப்பது. நேரம் கிடைத்ததும் பட்டியலைப் பார்த்து வேலையைத் தொடங்கிவிடலாம்.

4. மாதம் முழுவதும் ஒரே லென்ஸ்: பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸோன் தம் வாழ்நாள் படங்களில் பெரும்பாலானவற்றை 50 மி.மீ. லென்ஸ் ஒன்றாலேயே எடுத்தார். லென்ஸை மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் கைக்குப் படியாது. ஒன்றையே வைத்திருந்தால், எவ்வளவு தூரத்தில் நின்றால் எவ்வளவு படத்துக்குள் அடங்கும் என்பது கேமராவைத் தூக்குமுன்பே தெரிந்துவிடும். மொபைலில் என்றால் மாதம் முழுவதும் மெயின் கேமரா மட்டும் போதும். விரலால் விரித்துப் பெரிதாக்காமல் காலால் நடந்து கிட்டே போங்கள்.

5. மொபைலுக்கு மூன்று வேலை: முதலாவது, லென்ஸைத் துடைப்பது. மங்கலான படங்களில் பல, விரல் பிசுக்கால் மங்கியவை. புடவைத் தலைப்பால் துடைக்காதீர்கள். ஜரிகையும் அதில் ஒட்டிய தூசியும் கீறிவிடும். கண்ணாடி துடைக்கும் மென்துணி நல்லது. இரண்டாவது, திரையில் கட்டக்கோடுகளை ஆன் செய்வது. கதவும் ஜன்னலும் சாய்ந்து விழாமல் இருக்க அது உதவும். மூன்றாவது, திரையில் எடுக்கும் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, விரலை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தைச் சரிசெய்வது. பெரும்பாலான மொபைல்களில் இந்த வசதி உண்டு. வாங்கிப் பல வருடமானவர்களும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சம்

6. ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள்: இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் உலகின் மிகப் பழைய கேமராப் படமே ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்ததுதான். 1826 அல்லது 1827-இல் பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ் தம் வீட்டு மாடி ஜன்னலில் கேமராவை வைத்து, பல மணி நேரம் வெளிச்சம் பட விட்டு அதை எடுத்தார். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த செக் கலைஞர் யோசெஃப் சுதெக், 1940 முதல் 1954 வரை பிராகா நகரில் தம் ஸ்டூடியோ ஜன்னலையே திரும்பத் திரும்பப் படமாக்கினார். உங்கள் வீட்டிலும் ஒரு ஜன்னல் போதும். அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் அதே நாற்காலியை எடுங்கள். மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எப்போது கடுக்கிறது, எப்போது குழைகிறது என்பது பிடிபட்டுவிடும்.

7. வடக்கு ஜன்னல் விஷயத்தில் நம்மூர்க் கணக்கு வேறு: வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயிலே அடிக்காது, அங்கே வருடம் முழுவதும் மென்மையான வெளிச்சம் இருக்கும் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். ஐரோப்பாவுக்கு அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதனால் கோடையில் நம் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். தை, மாசியில் ஜோராக இருந்த ஜன்னல் வைகாசியில் ஏன் கடுமையாகிவிட்டது என்று குழம்ப வேண்டாம். ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டினால் போதும்.

8. டியூப்லைட்டை அணையுங்கள்: ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது அறை விளக்கு எரிந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி மஞ்சளாகவும் விழும். நடுப்பகல் வெயிலின் நிறம் ஏறத்தாழ 5500 கெல்வின், மஞ்சள் எல்.இ.டி. பல்பு 2700 முதல் 3000. பளிச்சென்ற வெள்ளை எல்.இ.டி. 6500. இரண்டு நிறத்தைக் கலந்துவிட்டு ஒயிட் பேலன்ஸைத் திருகிக்கொண்டிருப்பதைவிட, ஸ்விட்சை அணைப்பது எளிது.

9. வேட்டியும் தெர்மாகோலும்: ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் முகம் இருட்டாக இருக்கிறதா? அந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையையோ, மடித்த வெள்ளை வேட்டியையோ பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழுந்து நிழல் தணியும். நிழல் இன்னும் ஆழமாக வேண்டுமென்றால் அதே இடத்தில் கறுப்புத் துணி பிடிக்கலாம். வீட்டில் சபரிமலைக்கு மாலை போடுபவர் இருந்தால், மலைக்குப் போய் வந்தபின் அவருடைய கறுப்பு வேட்டியைக் கேட்டு வாங்குங்கள். கதவில் தொங்கவிட்டால் அருமையான பின்புலம். இஸ்திரி போட்டுத் தொங்கவிடுவது முக்கியம். சுருக்கம் படத்தில் அப்படியே தெரியும்.

10. காய்கறிக் கூடையே பாடசாலை: அமெரிக்கக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம், புகைப்பட வரலாற்றில் தனியிடம் பெற்றுவிட்டது. அவருக்குக் குடமிளகாய் என்றால் நமக்குப் பாகற்காய். சமையலுக்கு நறுக்குமுன் ஒன்றை ஜன்னலோரம் வையுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கமிருந்து நேராக விழுந்தால் அதன் மேடுபள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். காயை அப்படியே விட்டுவிட்டு நீங்கள் நகர்ந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்றால் ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு சின்ன நிழல் முளைக்கும். காய் உங்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்தால் விளிம்பு மட்டும் கோடு இழுத்ததுபோல் மின்னும். மூன்று படம், ஐந்து நிமிடம், ஒளியின் திசை என்ற பாடம் முடிந்தது. பாகற்காயும் குழம்புக்குப் போய்விடும்.

11. இட்லியின் ஆவி: இட்லித் தட்டைத் திறக்கும்போது ஆவி கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் விழுவதில்லை. காரணம் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர். ஆவிக்குப் பின்னால் இருண்ட பரப்பும், பின்பக்கத்திலிருந்தோ பின்பக்கவாட்டிலிருந்தோ வெளிச்சமும் இருக்க வேண்டும். ஒரு தட்டில் நான்கு இட்லியை எடுத்துவந்து, பக்கவாட்டில் ஜன்னல் இருக்கும்படி கறுப்புத் துணியின் முன்னால் வையுங்கள். ஃப்ளாஷ் போடாதீர்கள். ஆவி நன்றாக எழும்புவது ஓரிரு நிமிடம்தான், ஆகவே ஃபோகஸை முன்னதாகவே காலித் தட்டின் மேல் சரிபார்த்துவிடுங்கள். லென்ஸை ஆவிக்கு நேர் மேலே நீட்டினால் மூடுபனிதான் மிஞ்சும்.

12. மொட்டை மாடியின் நேரம்: சென்னையில் சூரியன் உதிப்பது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.40-க்கும் 6.40-க்கும் இடையில், மறைவது மாலையில் ஏறத்தாழ அதே மணிகளுக்கு இடையில். தாழ்ந்த சூரியனின் பொன் வெளிச்சம் உதயத்துக்குப் பின்னும் அஸ்தமனத்துக்கு முன்னும் சுமார் அரை மணி நேரம்தான் நன்றாக இருக்கும். துணி காயப்போடவோ எடுக்கவோ மாடிக்குப் போகும் நேரத்தை இதற்குள் வைத்துக்கொண்டால் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. கோலத்தை எடுப்பதற்கும் இந்தச் சாய்ந்த வெயில்தான் ஏற்றது. மாவுக்கோட்டின் தடிப்புகூடத் தெரியும். மொபைலைத் தரைக்கு இணையாகப் பிடித்து நேர் மேலிருந்து எடுங்கள். உங்கள் நிழல் கோலத்தில் விழாத பக்கமாக நிற்பதையும் கவனியுங்கள்.

கேமராவின் கணக்கு

13. வாரத்துக்கு ஒரே ஒரு செட்டிங்: அபர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் ஒரே நாளில் கற்க உட்கார்ந்தால் தலைவலிதான் மிஞ்சும். ஒரு வாரம் ஷட்டர், அடுத்த வாரம் அபர்ச்சர், அதற்கடுத்து ஐ.எஸ்.ஓ. மற்ற இரண்டையும் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும். ஷட்டருக்கும் அபர்ச்சருக்கும் டயலில் தனித்தனி மோட் அதற்காகவே இருக்கிறது. நான்காவது வாரம் மேனுவலில் போட்டு, சுள்ளென்ற வெயிலில் இந்தப் பழைய சூத்திரத்தைச் சோதியுங்கள்: அபர்ச்சர் எஃப் 16, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100 அல்லது 1/125. வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லாத காலத்தில் இப்படித்தான் எடுத்தார்கள்.

14. ஷட்டர் பாடத்துக்கு மின்விசிறி: மேலே சுற்றும் ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 சுற்று சுற்றும். பகல் வெளிச்சம் வரும் அறையில் அதை 1/1000 விநாடியில் எடுத்தால் றெக்கைகள் நின்றுவிட்டதுபோல் இருக்கும். 1/125-இல் றெக்கையின் நுனி கலங்கும். 1/15-இல் றெக்கையே காணாமல் வட்டமான ஒரு மூட்டம் மட்டும் இருக்கும். ஓடும் குழந்தைக்கு 1/500 ஏன் தேவை என்பது இதற்குப் பிறகு புத்தகம் படிக்காமலே புரியும். மொபைலில் புரோ மோட் இருந்தால் இதைச் செய்யலாம்.

15. டியூப்லைட் பட்டைகள்: இரவில் எடுத்த படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால் மொபைலைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை, வேகமான ஷட்டருக்குத் தெரிகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பட்டை மறைந்துவிடும்.

16. அபர்ச்சருக்கு அஞ்சறைப் பெட்டி: பெட்டியிலுள்ள கிண்ணங்களை எடுத்து மேசையில் ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்கோட்டில் அடுக்குங்கள். நடுவிலுள்ள மஞ்சள்தூளில் ஃபோகஸ் வைத்து எஃப் 2.8 அல்லது உங்கள் லென்ஸின் மிகச் சிறிய எண், பிறகு 5.6, பிறகு 16 என்று எடுங்கள். முதல் படத்தில் மஞ்சள்தூள் மட்டும் தெளிவாக இருக்கும். கடைசிப் படத்தில் கடுகு முதல் வெந்தயம் வரை எல்லாம் தெளியும். பெரும்பாலான மொபைல்களில் அபர்ச்சரை மாற்ற முடியாது. போர்ட்ரெய்ட் மோடில் வரும் மங்கல், மென்பொருள் போடும் கணக்கு. தலைமுடி ஓரத்தில் அது அடிக்கடி சொதப்பும். மொபைலில் இயல்பாகவே பின்புலம் மங்க வேண்டுமானால் பொருளுக்குக் கிட்டே போங்கள், சுவரைத் தூர வையுங்கள்.

17. பயறு மூட்டை டிரைபாட்: ஒரு பழைய துணிப்பையில் பச்சைப்பயறையோ காராமணியையோ முக்கால் பாகம் போட்டுத் தைத்துவிட்டால், ஜன்னல் திண்டிலும் மாடிக் கைப்பிடிச்சுவரிலும் கேமராவை அசையாமல் தாங்கும். இரண்டு விநாடி டைமரும் வைத்தால் பட்டனை அமுக்கும்போது வரும் ஆட்டமும் போய்விடும். கையிலேயே பிடித்து எடுக்கும்போது ஒரு எளிய விதி உண்டு: லென்ஸ் 50 மி.மீ. என்றால் ஷட்டர் 1/50-க்குக் குறையக் கூடாது. தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் சென்சார் சிறியது என்பதால் அதே லென்ஸுக்கு 1/80 பாதுகாப்பு.

ஆர்வம் வற்றாமல் இருக்க

18. ஒரே விஷயத்தைப் பல மாதம் எடுங்கள்: தினம் ஒரு புதுப் பொருளைத் தேடுவது களைப்பு. அம்மாவின் கைகள், தெருவிலுள்ள வீட்டு வாசற்படிகள், பள்ளி விட்டு வந்து கழற்றிப்போட்ட ஷூக்கள், தண்ணீர்க் குடங்கள் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்துப் படம் சேரும் வரை சாதாரணமாகத்தான் தெரியும். ஐம்பது சேர்ந்ததும் அது ஒரு குடும்ப ஆவணம். எங்கே போனாலும் கண் அதைத் தேடத் தொடங்கிவிடுவதால், ஊக்கத்துக்கு வேறு மருந்து தேவைப்படாது.

19. வேலைக்கு நடுவே எடுத்தவரை நினையுங்கள்: அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவர் விவியன் மேயர். குழந்தைகளோடு வெளியே போகும்போதும் ஓய்வு நாட்களிலும் தெருவைப் படமெடுத்தார். 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தபோதுதான் அந்தப் படங்கள் வெளியே தெரிந்தன. நெகட்டிவ்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2009-இல் அவர் இறந்தார். குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு இத்தனையையும் எடுத்திருக்கிறார். நாமும் கடைக்குப் போகும் வழி, வேலைக்குப் போகும் வழி இரண்டையும் விட்டுவிட்டு வேறு இடம் தேட வேண்டியதில்லை.

20. ஒரு வேளைக்குப் பன்னிரண்டு படம் மட்டும்: விவியன் மேயரின் கையிலிருந்த ரோலிஃப்ளெக்ஸ் கேமராவில் ஒரு ஃபிலிம் சுருளுக்கு 12 படம்தான். மொபைலில் எண்ணிக்கை இல்லாததால் ஒரே பூவை நாற்பது எடுத்துவிட்டு, எது நல்லது என்று பார்க்கவே சலித்துப் போகிறோம். பன்னிரண்டோடு நிறுத்துங்கள். வாரக் கடைசியில் பத்து நிமிடம் உட்கார்ந்து மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மற்றதைத் தயங்காமல் அழித்துவிடலாம். தேர்ந்தெடுக்கும் பழக்கம், எடுக்கும் பழக்கத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. தேர்ந்தெடுத்தவற்றை மொபைலில் ஒரு பிரதி, ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி என்று இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

21. பார்ப்பதும் படிப்புதான்: பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது கேமராவை எடுக்க முடியாது. ஆனால் எதிர் சீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்க்கலாம். டிவியில் படம் பார்க்கும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள். பாலு மகேந்திரா ஒளிப்பதிவு செய்த 'மூன்றாம் பிறை', 'வீடு' இரண்டிலும் இயல்பான வெளிச்சம் எப்படிப் பயன்படுகிறது என்று கவனியுங்கள். பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த 'மௌன ராகம்' படத்தில், வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். யூடியூப் பாடங்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: ஒரு வீடியோ பார்த்தால் அதில் சொன்னதை வைத்து அன்றே ஒரு படம் எடுத்தாக வேண்டும். எடுக்காமல் அடுத்த வீடியோ கிடையாது.

22. பூஞ்சையிடமிருந்து காப்பாற்றுங்கள்: சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் மூடிய பீரோதான் லென்ஸுக்கு எமன். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி, இருட்டில் காற்றோட்டமில்லாமல் கிடந்தால் கண்ணாடியில் வலைபோல் பூஞ்சை படரும், துடைத்தால் போகாது. மழைக்காலத்தில் கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, சிலிக்கா ஜெல் போட்டு, சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றையும் வைத்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது உலர்த்த வேண்டும் என்பது தெரியும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கும். அதைச் சமையல் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கக் கூடாது, ஆரஞ்சு நிறத்தையே கேட்டு வாங்குங்கள். அரிசி டப்பாவில் லென்ஸைப் புதைக்காதீர்கள்; மாவுத்தூள் உள்ளே போய்விடும். தோல் உறையில் வைப்பதும் தவறு, அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இதையெல்லாம்விட நல்ல மருந்து, வாரம் இருமுறையாவது கேமராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

23. ஒரு துணையும் ஒரு பிரிண்டும்: லைக்குகளை எண்ணத் தொடங்கினால் ஆர்வம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். அதற்குப் பதில், இதே ஆசையுள்ள நாத்தனாரோ, அலுவலகத் தோழியோ, ஒன்றுவிட்ட தம்பியோ ஒருவரைப் பிடித்து, வாரம் ஒரு படம் மாற்றிக்கொள்ளுங்கள். "சூப்பர்" என்று மட்டும் சொல்லக் கூடாது. எது கண்ணை இழுத்தது, எது இடைஞ்சல் என்று இரண்டு வரி சொல்ல வேண்டும். ஊரில் புகைப்படச் சங்கம் இருந்தால் சேருங்கள். 'ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ்' 1857-இல் தொடங்கியது. மாதம் ஒரு படத்தைத் தெருமுனை ஸ்டூடியோவில் மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டுங்கள். அடுத்த மாதம் அதை எடுத்துவிட்டுப் புதியது. திரையில் தெரியாத குறைகள் தாளில் தெரியும். வீட்டுக்கு வருபவர்கள் "யார் எடுத்தது?" என்று கேட்பது தனி ஊக்கம்.

24. செலவும் சங்கடமும் வேண்டாம்: ஆர்வம் குறையும்போதெல்லாம் புது லென்ஸ் வாங்கத் தோன்றும். எந்தப் படத்தை எடுக்க முடியாமல் போனது என்று எழுதி வையுங்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் கடைக்குப் போகலாம். வீட்டுக்குள் எடுக்க வெளிச்சம் போதவில்லை என்பதே காரணமானால், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் சிக்கனமான முதல் படி. அடுத்தவர் வீட்டுக் குழந்தையைப் பெற்றோரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்; வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது. தமிழகக் கோயில்களுக்குள் மொபைல் கொண்டுபோகத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆகவே கோயில் படங்களுக்குக் கோபுர வாசல், குளக்கரை, பூக்கடை என்று வெளியிலேயே நிறைய இருக்கிறது. அங்கும் பூ கட்டும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள்.

இருபத்து நான்கையும் ஒரே வாரத்தில் செய்து முடிக்க முயல வேண்டாம். முதல் வாரத்துக்கு மூன்று போதும்: கேமராவை வெளியே எடுத்து வைப்பது, ஃபிரிட்ஜில் பட்டியலை ஒட்டுவது, ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுப்பது. பரீட்சை, காய்ச்சல், கல்யாண வீடு என்று பத்து நாள் விட்டுப்போனால் விட்ட நாட்களுக்கு ஈடுகட்டப் பார்க்காதீர்கள். பதினோராவது நாள் ஐந்து நிமிட வேலை ஒன்றைச் செய்துவிட்டுத் தொடருங்கள். நேரம் கிடைத்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு நேரம் கிடைப்பதே இல்லை. இன்று மாலை குக்கர் வைத்ததும் முதல் படத்தை எடுத்துவிடுங்கள்.